பழைய பாணி ஸ்கோப்: வெளித் திருகா, உள் திருகா?

ரைஃபிளில் குறிபார்க்கப் பழைய பாணி ஸ்கோப் (தொலைநோக்கி) மாட்ட ஆசைப்படுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று நீளக் குழல் கட்சி. 1855-இல் வில்லியம் மால்கம் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் தொடங்கி வைத்த வம்சம் இது. பின்னால் வந்த அனர்ட்ல் ஸ்கோப்புகளும் இதே வழிதான். திருகினால் குழலுக்குள் எதுவும் நகராது. பின் மவுண்டிலுள்ள (மவுண்ட் என்றால் ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) மைக்ரோமீட்டர் திருகு குழலையே தூக்கி இறக்கும். இன்னொன்று 4×20, 4×32 என்று (நான்கு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 20 அல்லது 32 மில்லிமீட்டர்) கிடைக்கும் குட்டை ரகம். மேலே ஒரு மூடி, பக்கத்தில் ஒரு மூடி, அசைவதெல்லாம் உள்ளே.

மதுரைப் பக்கம் பெரும்பாலோர் கையில் இருப்பது லைசென்ஸ் தேவைப்படாத, 20 ஜூலுக்குள் அடங்கும் .177 ஏர் ரைஃபிள், அதுவும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்திச் சுடும் ரகம். அதற்கு நீளக் குழல் பார்க்கத்தான் ஜோர். ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தது) நிற்க வேண்டுமென்றால் குட்டைதான்.

நீளக் குழலுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். எவ்வளவு திருகினாலும் கிராஸ்ஹேர் (குறிபார்க்கும் குறுக்குக் கோடு) நடுவிலேயே இருக்கும். திசையிலும் குழப்பமில்லை: பின் மவுண்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ, குண்டும் அந்தப் பக்கமே போகும். சிக்கல் மவுண்டுகளின் இடைவெளியில். இரண்டுக்கும் நடுவே 7.2 அங்குலம் இருந்தால்தான் ஒரு கிளிக் (திருகின் ஒரு சொடுக்கு) கால் எம்ஓஏ; ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அப்போது குழல் நகர்வது 0.0005 அங்குலம். நம் ஏர் ரைஃபிளில் மவுண்ட் மாட்டும் ரெயிலில் அந்த நீளம் பொதுவாகக் கிடைக்காது. இடைவெளி பாதியானால் கிளிக் இரட்டிப்பாகிவிடும். மவுண்டை உள்ளூரிலேயே கடைந்துகொள்ளலாம் என்று கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துக்காரரிடம் கேட்டேன். அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, இதுல பாதி நம்ம பெல்ட்டு ஆடுற ஆட்டத்துலயே போயிரும்.”

அதைவிடப் பெரிய தொல்லை உதைப்பு. இந்தக் குழல் மவுண்டுக்குள் வழுக்கும்படி செய்யப்பட்டது. சுட்டதும் முன்னால் நகரும், கையால் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டும் உதைக்கும் என்ற கணக்கு அது. ஸ்பிரிங் ரைஃபிளோ முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் வெட்டி இழுக்கும். பாவம், குழல் இரண்டு பக்கமும் அலையும். பிசிபி (முன்பே அடைத்து வைத்த காற்றில் சுடும் ரைஃபிள்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

குட்டை ஸ்கோப்பிலும் ஏர்கன்னுக்கென்று செய்ததையே வாங்குங்கள். அந்த முன் இழுப்பு சாதாரண ஸ்கோப்பின் உள் லென்ஸை உலுக்கிவிடும். இதை ஜீரோ செய்யும்போது பலர் எடுத்த எடுப்பில் டரட்டை (மூடிக்கு அடியிலுள்ள திருகை)க் கடைசி வரை திருகிவிடுகிறார்கள். அங்கே உள் ஸ்பிரிங் தளர்ந்து, ஜீரோ ஒரு இடத்தில் நிற்காது. முதலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். பிறகு 10 மீட்டரில் சுடுங்கள். குண்டு ரொம்பக் கீழே விழுந்தால் (குழாயை மடக்கி ஏற்றும் பிரேக் பேரல் ரைஃபிள்களில் இது சகஜம்) டரட்டைத் தொடாமல், ஸ்கோப்பைப் பிடிக்கும் பின் வளையத்துக்குள், ஸ்கோப்புக்கு அடியில் குளிர்பான டின் தகட்டில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர். வளையங்கள் 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 10 மீட்டரில் குண்டு 1 சென்டிமீட்டர் ஏறும். 25 மீட்டரில் இரண்டரை. மிச்சத்தை மட்டும் கிளிக்கில் பாருங்கள். கால் எம்ஓஏ கிளிக் 25 மீட்டரில் 1.8 மில்லிமீட்டர்தான், அதனால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பதினொரு கிளிக். ஒரு குண்டைப் பார்த்துத் திருகாதீர்கள். ஐந்து குண்டு போட்டு, குரூப்பின் (அந்தத் துளைக் கூட்டத்தின்) நடுவைப் பாருங்கள்.

பேரலாக்ஸ் இரண்டு ரகத்துக்கும் உண்டு. 100 கஜத்துக்குச் செட் செய்த கண்ணாடி 10 மீட்டரில் மங்கும். கண் லேசாக நகர்ந்தாலும் கிராஸ்ஹேர் நகரும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அரை கிராம் குண்டு எம்மாத்திரம்? அழகர்கோவில் பக்கத் தோப்புகளில் விடிந்ததும் ஒரு மணி நேரம் கிடைத்தால் உண்டு. குண்டைத் தாங்க, டார்கெட்டுக்குப் பின்னால் மணல் நிரப்பிய பெட்டி. தென்னை மரம் அல்ல. மயில் அகவினால் பேசாமல் ரைஃபிளைக் கீழே வைத்துவிடுங்கள்.

லைசென்ஸோடு .22 தோட்டா ரைஃபிள் வைத்திருந்து, கிளப்பில் 50 மீட்டர் சுடுகிறவர் என்றால் கதை வேறு. அவருக்கு நீளக் குழலைத் தாராளமாகச் சொல்வேன். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, மவுண்டுக்குத் துளை போடுமுன் அந்த 7.2 அங்குலத்தை இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள்.