ஆஃப்லைன் பாடத்துக்கு எது ஏற்றது: ஸ்கார்ம், இபப், மூடில் ஆப், கொலிப்ரி

இணைய வகுப்பு ஒன்றை நெட் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். படிப்பவரின் விடைகளும் மதிப்பெண்ணும் ஆசிரியரிடம் திரும்பி வர வேண்டுமா, பாடம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதுமா? இதை முடிவு செய்தாலே பாதி வழிகள் தாமாகக் கழிந்துவிடும்.

மூடில், கேன்வாஸ் இரண்டும் இணைய வகுப்பு நடத்தும் தளங்கள். மூடிலில் எடுக்கும் எம்பிஇசட் கோப்பும் கேன்வாஸ் தரும் காமன் கார்ட்ரிட்ஜ் பொதியும் முதலிலேயே கழிகின்றன. ஒரு சர்வரில் இருக்கும் பாடத்தை இன்னொரு சர்வருக்கு மாற்றத்தான் அவை உதவும். ஆசிரியர் காப்புப் பிரதியாகக் கட்டாயம் வைத்துக்கொள்ளட்டும். மாணவரின் போனில் போட்டுக் கொடுத்தால் அவரால் திறக்கக்கூட முடியாது.

ஸ்கார்ம், அதாவது இணையப் பாடத்தைப் பொதியாகக் கட்டும் தரநிலை, கொஞ்சம் ஏமாற்றும். அந்தப் பொதி ஒரு ஜிப் கோப்பு, உள்ளே எச்டிஎம்எல் பக்கங்கள் இருக்கும். விரித்துத் திறந்தால் ஓடும் என்றே தோன்றும். ஆனால் பாடம் தொடங்கியதும் மதிப்பெண்ணைப் பெற்றுக்கொள்ள மூடில் போன்ற ஓர் எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மைத் தளம்) இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் பிழைச் செய்தி வரும், அல்லது பாடம் ஓடினாலும் எதுவும் பதிவாகாது. 2001-ல் வந்த 1.2 பதிப்பு இன்னும் பரவலாகப் புழங்குவதால் இந்தச் சிக்கலைப் பலர் சந்திக்கிறார்கள்.

மதிப்பெண் வேண்டும் என்றால் உண்மையான போட்டி மூடிலின் மொபைல் ஆப்புக்கும் கொலிப்ரி என்ற ஆஃப்லைன் கற்றல் மென்பொருளுக்கும்தான். மூடில் ஆப்பில் பாடத்தை இறக்கிக்கொண்டு படிக்கலாம்; ஸ்கார்ம் 1.2 பொதியையும் நெட் இல்லாமல் ஓட்டலாம். இணைப்பு கிடைத்ததும் விடைகள் சர்வருக்குப் போய்விடும். தேர்வுக்கு மட்டும் நிபந்தனை உண்டு. ஆசிரியர் ஆஃப்லைன் அனுமதியைத் தந்திருக்க வேண்டும், நேர வரம்பு வைக்கக் கூடாது. ஒவ்வொருவரும் சொந்த போனில் ஒருமுறையாவது நெட்டோடு இருந்து இறக்கியாக வேண்டும்.

கொலிப்ரி அந்தச் சுமையை ஒரே கருவியின் மேல் வைக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியிலோ பழைய லேப்டாப்பிலோ நிறுவி, பாடங்களை பென்டிரைவ் வழியாக ஏற்றினால், அந்த அறையின் வைஃபையில் இருக்கும் எல்லாரும் பிரவுசரிலேயே படிக்கலாம். யார் எதுவரை முடித்தார்கள் என்பது ஆசிரியருக்கு அங்கேயே தெரியும். ஒரே இடத்தில் கூடிப் படிக்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் உழைப்பு அதிகம். சொந்தப் பாடத்தை, பாடங்களைத் தொகுக்கும் தளமான கொலிப்ரி ஸ்டுடியோவில் ஏற்றி அடுக்க வேண்டும். மூடிலில் இருக்கும் தேர்வுகளைப் புதிதாக எழுதவும் வேண்டியிருக்கும்.

படித்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு இபப் என்ற மின்னூல் வடிவம் நல்லது. சிறிய திரைக்கு ஏற்ப எழுத்து மடங்கி அமையும். பிடிஎஃப்பில் அது இல்லை. தமிழ்ப் பிடிஎஃப்பில் சொல்லைத் தேடினாலோ நகலெடுத்தாலோ கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைவதும் உண்டு. இபப்பின் உள்ளே வீடியோவைத் திணிக்க வேண்டாம், பல வாசிப்பு ஆப்கள் ஓட்டுவதில்லை. எம்பி4 கோப்பாகத் தனியே கொடுத்து, அதே பெயரில் எஸ்ஆர்டி வசனக் கோப்பையும் பக்கத்தில் வைத்தால் விஎல்சி பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும்.

கோர்செரா, யூடெமி ஆப்களில் வீடியோவை இறக்கலாம், சரி. அது அந்த ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். தனியாகப் படிப்பவருக்குப் போதும், வகுப்புக்குக் கொடுக்க உதவாது.

எந்த வழியானாலும் வீடியோதான் முதலில் விடுபடும். பாடப் பக்கத்தில் யூட்யூப் வீடியோ பதித்திருந்தால் ஏற்றுமதியில் வருவது இணைப்பு மட்டுமே. மூல வீடியோவும் அதைப் பகிர உரிமையும் உங்களிடம் இருக்க வேண்டும். அளவையும் கணக்குப் பாருங்கள்: நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி, 20 மணி நேரத்துக்கு 9 ஜிபி. முழுப் பாடத்தையும் ஒரே ஜிப்பாகக் கட்டினால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் ஏற்காது, அதில் ஒரு கோப்பின் உச்சம் 4 ஜிபி. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒவ்வொரு பாடத்தையும் திறந்து பாருங்கள். கொலிப்ரி என்றால் ரவுட்டரின் இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். கணிதப் பாடத்தில் இது மிக அவசியம். சமன்பாட்டை வரையும் மேத்ஜாக்ஸ் வெளி சர்வரிலிருந்து வருவதாக இருந்தால், நெட் இல்லாதபோது மாணவருக்குத் தெரிவது டாலர் குறிகளும் சாய்கோடுகளும்தான்.