பாரிஸில் நோத்ர் டாம் பக்கம் பிஸ்ட்ரோவில் உட்காரும் முன் இதைப் படியுங்கள்

பாரிஸ் போகிறவர்கள், முக்கியமாகச் சைவம் சாப்பிடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். நோத்ர் டாம் தேவாலயத்துக்கு எதிரே, சேன் ஆற்றின் மறுகரையில், சான் மிஷேல் மெட்ரோவை ஒட்டி இருக்கும் சந்துகளில் ஒரு பிஸ்ட்ரோ (சின்ன பிரெஞ்சு சாப்பாட்டுக் கடை) எங்களுக்குச் செய்தது இது. பெயர் போடவில்லை. அந்தப் பகுதி முழுக்கச் சுற்றுலாக்காரர்களை நம்பியே பிழைக்கும் கடைகள் நிறைய இருப்பதால், ஒரு கடையைத் தவிர்த்தால் மட்டும் போதாது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நாங்கள் நான்கு பேர். வெளியே கரும்பலகையில் தொடக்கம், முக்கிய உணவு, இனிப்பு மூன்றும் சேர்ந்த சாப்பாடு 21.90 யூரோ என்று எழுதி வைத்திருந்தார்கள். சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, பழைய கண்ணாடிகள், பார்க்க அருமையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்ததும் ஆங்கில மெனு அட்டையை நீட்டினார்கள், அதில் அந்த 21.90 சாப்பாடே இல்லை. கேட்டால் "இன்றைக்கு முடிந்துவிட்டது" என்றார் பரிமாறுகிறவர். நாங்கள் கிளம்பும்போதும் பலகை அதே இடத்தில்தான் இருந்தது. வெளியே காட்டும் மெனுவும் உள்ளே கொடுக்கும் மெனுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிரான்சில் விதியே இருக்கிறது. அதனால் இனி வெளியில் பார்த்த விலை உள்ளே இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், எதையும் ஆர்டர் செய்யாதவரை ஒரு காசும் தர வேண்டியதில்லை.

தண்ணீர் கேட்டோம். குழாய்த் தண்ணீர், காராஃப் (தண்ணீர் ஜாடி) என்று சொல்லியே கேட்டோம். "அது இங்கே கிடையாது" என்று இரண்டு பாட்டிலைத் திறந்தே கொண்டுவந்து வைத்தார், பாட்டில் 9 யூரோ. இது அப்பட்டமான பொய். சாப்பிட உட்கார்ந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே பல வருஷமாக இருக்கும் விதி, 2020-இல் வந்த சட்டப்படி இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதை மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ தெரியும்படி போட வேண்டும்.

இதெல்லாம் பணத்தோடு போகட்டும். என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது வேறு. எங்களில் ஒருத்தி பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொடமாட்டாள். வெங்காய சூப்பைக் காட்டி, இதில் இறைச்சி இருக்கிறதா என்று அவளே கேட்டாள், நானும் ஒருமுறை கேட்டேன். "இல்லை, வெங்காயமும் சீஸும்தான்" என்றார், சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவள் முக்கால் கிண்ணம் குடித்து முடித்தபோது தட்டு எடுக்க வந்த பையனிடம் சூப் எப்படிச் செய்கிறீர்கள் என்று சும்மா விசாரித்தாள். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறுதான் அடிப்படை என்று அவன் பெருமையாகச் சொன்னான். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டாள். முதலில் ஆர்டர் எடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "துண்டு எதுவும் இல்லையே" என்று தோளைக் குலுக்குகிறார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. ஒருவருடைய வாழ்நாள் ஒழுக்கத்தை இப்படி அலட்சியமாக உடைப்பதற்குப் பரிமாறுகிறவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் உணவகங்கள் கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை என்று 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றித் தகவல் தர வேண்டும், ஆனால் இறைச்சிச் சாறு அந்தப் பட்டியலில் வராது, அதனால் அந்தப் பட்டியலைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது. பிஸ்ட்ரோவில் வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டுச் சாறுதான். பருப்பு, பச்சை சாலட் என்று மெனுவில் இருப்பதிலும் லார்தோன் எனும் பன்றித் துண்டுகள் தூவியிருக்கலாம், சில கடைகளில் உருளைக்கிழங்கையே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன், சான் புய்யோன் த வியாந்த்" (இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு வேண்டாம்) என்று போனில் எழுதி வைத்துக்கொண்டு, சமையல்காரரிடம் காட்டிக் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்கப் போகாமல் அங்கேயே நின்று பதில் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் பில் வந்தது. 160 யூரோ, அதற்குக் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம், மொத்தம் 176. நம் காசில் கிட்டத்தட்ட 18,000 ரூபாய். அவள் குடித்த அந்த சூப்புக்கும் 14 யூரோ போட்டிருந்தார்கள். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பேல் பகுதியில் கடை வைத்திருக்கும் எங்கள் தோழியின் சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸில் பல வருஷமாக இருக்கிறார். "அதைக் கட்டாதேங்கோ பிள்ளை, சேவைக் காசு விலைக்குள்ளயே இருக்கு" என்றார். அதுதான் சட்டம், வரியும் சேவையும் சேர்ந்த விலையைத்தான் மெனுவில் போட வேண்டும் என்று 1987-இலேயே ஆணை வந்துவிட்டது. விருப்பப்பட்டால் சில்லறை வைக்கலாம், கேட்டு வாங்குவது கிடையாது. நாங்கள் பிடிவாதமாக நின்றதும் முணுமுணுத்துக்கொண்டே 16 யூரோவையும் சூப்பின் விலையையும் எடுத்தார்கள். உடனே கார்டு மெஷினை நீட்டினால் அதில் டிப்ஸ் 10, 15, 20 என்று திரையில் நிற்கிறது! தொகையைப் பார்க்காமல் பின் நம்பரை அழுத்திவிடாதீர்கள்.

எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2025 கோடையில் லெ பரிசியன் நாளிதழ் ஒருவரை அமெரிக்கச் சுற்றுலாக்காரர் வேஷத்தில் அனுப்பிப் பார்த்தபோது, உள்ளூர்க்காரரைவிட அவரிடம் அதிகமாக வாங்கியதை எழுதியிருந்தது.

பாரிஸ் பிஸ்ட்ரோ எல்லாமே இப்படி என்று நினைக்க வேண்டாம். பின்னர் 11-ஆவது வட்டாரத்தில் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். சிலேட்டில் ஐந்தாறு வகைதான், ஆங்கில மெனு இல்லை, கேட்காமலே தண்ணீர்க் காராஃப் வந்தது. பரிமாறிய அம்மா, நாங்கள் சைவம் என்றதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சூப் உங்களுக்கு ஆகாது, சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட்டைப் பன்றித் துண்டு இல்லாமல் தருகிறேன் என்றார். வாத்து கோன்ஃபி (கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த வாத்துக்கால்) சாப்பிட்ட மற்றவர்கள் எலும்பைக்கூட விடவில்லை.

ஏமாற்றப்பட்டால் விட்டுவிடாதீர்கள். வெளிப் பலகை, மெனு, பில் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 25 யூரோவைத் தாண்டினால் விவரமான ரசீது தருவது அவர்கள் கடமை. புகார் கொடுக்க சிக்னல் கோன்சோ என்று பிரெஞ்சு அரசின் இணையதளம் இருக்கிறது, ஊர் திரும்பிய பிறகும் அனுப்பலாம். நாங்கள் அனுப்பிவிட்டோம், சூப் விஷயத்தையும் சேர்த்து.