மாற்றாத போர்டுக்கு 4,200 ரூபாய்: கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் ஒரு யுஎஸ்பி துளை இரண்டு வருடமாக உடைந்து கிடக்கிறது. மகள் பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்ததில் உள்ளே இருக்கிற நாக்கு முறிந்துவிட்டது. போன டிசம்பரில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் "புது போர்டு போட்டாச்சு சார்" என்று 4,200 ரூபாய் வாங்கினார். போர்டு என்றால் எல்லாப் பாகங்களும் வந்து சேருகிற மதர்போர்டு, அந்த யுஎஸ்பி துளையும் அதில்தான் இருக்கிறது. அந்தப் "புது" போர்டிலும் அதே துளை, அதே முறிந்த நாக்கு. இதைக் கவனிக்க எனக்கு ஆறு நாள் ஆனது என்பதுதான் வெட்கக்கேடு.

நாங்கள் இருப்பது திருச்சியில். கம்ப்யூட்டர் 2015இல் அசெம்பிள் செய்தது. நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்81 போர்டு, நாலு ஜிபி ரேம் இரண்டு. என் மனைவி வீட்டிலிருந்தபடி இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறாள். எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில். மாதா மாதம் 20ஆம் தேதிக்குள் முந்தைய மாதத்துக்கான 3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

கார்த்திகைக் கடைசியிலேயே தொந்தரவு தொடங்கிவிட்டது. காலையில் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் லோகோ வரும், புள்ளிகள் சுற்றும், பொட்டென்று திரை கறுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாலைந்து தடவை இப்படி ஆடிவிட்டு அப்புறம் சமர்த்தாக நின்றுவிடும். மதியத்துக்கு மேல் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. இந்தக் காலை-மதிய வித்தியாசத்தில்தான் நோயே இருந்தது. நான் அதைக் கடைக்காரரிடம் சொல்லவும் செய்தேன். அவர் காதில் விழவில்லை, அல்லது நன்றாகவே விழுந்தது.

டிசம்பர் 13, சனிக்கிழமை. அன்று பத்துப் பன்னிரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆனதும் பயந்துபோய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் சொன்னது: "விண்டோஸ் பத்துக்கு அக்டோபரோட சப்போர்ட் நின்னுடுச்சு சார், அதான் ரீஸ்டார்ட் அடிக்குது." நான் நம்பினேன். சப்போர்ட் நின்றது உண்மைதான், 2025 அக்டோபர் 14உடன் நின்றது. அதனால் இனி வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராதே தவிர, அன்றைக்குப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. பாதி உண்மையைக் காட்டி மீதியை விற்கிற வித்தை இது. "வெச்சுட்டுப் போங்க, பாத்துட்டு போன் பண்றேன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். நான் செய்த முதல் தப்பு அது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "போர்டு போயிடுச்சு." பழைய போர்டுக்கு இப்போது உதிரி கிடைப்பதில்லை, ஒரே ஒரு பீஸ் இருக்கிறது, நாளைக்கு இருக்குமா தெரியாது என்றெல்லாம் அவசரப்படுத்தினார். சி டிரைவில் டேலி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். "பேக்கப் எடுத்துட்டுத்தான் சார் பண்ணுவோம்" என்றார்.

16ஆம் தேதி பெட்டி வீட்டுக்கு வந்தது. போர்டு 4,200, விண்டோஸ் போட 600, சர்வீஸ் 500, ஆக மொத்தம் 5,300. பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை இல்லை. பில் கொடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவளின் புருஷன் எஸ்டிமேட் சீட்டோடு வந்து நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று மட்டும் தெரிந்திருந்தது. நடந்தது.

சி டிரைவ் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பேக்கப் எங்கே என்றால், "ஹார்ட் டிஸ்க்ல எரர் சார், எடுக்க முடியல." எங்களிடம் இருந்த பென்டிரைவில் அக்டோபர் வரைதான் இருந்தது. நவம்பர் மாத பில்களை மறுபடியும் முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தாள் என் மனைவி. வேகமே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். எட்டு ஜிபி இருந்த இடத்தில் நாலு. கடைக்குப் போன் செய்தால், "ஒரு ரேம் கம்ப்ளெய்ன்ட் சார், கழட்டிட்டோம், சொல்ல மறந்துட்டேன்." கழற்றிய ரேம் எங்கே? "குப்பைல போட்டிருப்பாங்க."

19ஆம் தேதி காலை, மார்கழி நாலு. அதே லோகோ, அதே புள்ளிகள், பொட்டென்று அதே கறுப்பு. இந்தத் தடவை மதியமும் நிற்கவில்லை. கடைக்காரர் அசரவில்லை: "அப்ப பிராசஸர்தான் சார். புதுசா வாங்கிடுங்க, பழசை எடுத்துக்கறேன்."

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். 22ஆம் தேதி காலையில் வந்து உட்கார்ந்தார். முதலில் எதையும் திறக்கவில்லை. "எப்பல்லாம் இப்படி ஆவுது தம்பி?" என்று மட்டும் கேட்டார். காலையில்தான் அதிகம் என்றதும் தலையாட்டினார்.

பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற செட்டிங்ஸ் திரைக்குப் போய் அப்படியே விடச் சொன்னார். இருபது நிமிடம் அசையாமல் நின்றது. அங்கே பிராசஸருக்குப் பெரிய வேலை கிடையாது. அப்புறம் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பிராசஸருக்குப் போகும் மஞ்சள் ஒயரில் ஒரு முனையும் கறுப்பில் ஒரு முனையும் வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடம். ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. பயாஸில் 11.9 காட்டியது. விண்டோஸ் ஏறத் தொடங்கியதும் முள் இல்லாத மீட்டரிலேயே சரிவு தெரிந்தது. 11.5, 11.2, 10.8, திரை கறுப்பு.

"எஸ்எம்பிஎஸ் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது ஒரு சாம்பல் நிற ஒயர் வழியாக போர்டுக்கு சமிக்ஞை கொடுத்துக்கொண்டே இருக்கும். வோல்ட் சரிந்தால் அந்த சமிக்ஞை அறும், போர்டு உடனே எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பத்து வருடத்தில் காய்ந்துபோகும். காய்ந்தவை குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் கொஞ்சம் தேறும். திருச்சியில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் காய்ந்த கெப்பாசிட்டருக்கு எங்கள் மார்கழிக் காலையே போதும். பகலெல்லாம் ஓடிச் சூடேறிக் கிடக்கும் கடையில் அது ஏன் நன்றாக வேலை செய்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. விசிறிக் கம்பிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. அந்தப் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொன்னார். லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 9ஐ அழுத்த வேண்டும். தானாக ரீஸ்டார்ட் ஆவதை அது நிறுத்திவிடும். அதன் பிறகு நீலத் திரை வந்து ஒரு பிழை எண்ணோடு நின்றால் டிரைவர், ரேம், ஹார்ட் டிஸ்க் பக்கம் தேடலாம். நீலமே வராமல் பொட்டென்று கறுத்தால் மின்சாரத்தின் மேல்தான் முதல் சந்தேகம். ஐந்து நிமிட வேலை இது. கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

பெட்டியைத் திருப்பி வைக்கும்போது அவர்தான் கேட்டார், "புது போர்டுங்கறீங்க, யுஎஸ்பி உடைஞ்சிருக்கே?"

அன்றே புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். 1,350 ரூபாய், ஜிஎஸ்டி பில்லோடு. அதிலிருந்து ஒரு காலைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. 3பி தாக்கல் 23ஆம் தேதிதான் முடிந்தது. ஒரு கடைக்கு நாளைக்கு 50 ரூபாய் வீதம் மூன்று நாள், இரண்டு கடைக்கும் 300 ரூபாய் தாமதக் கட்டணம். அதை என் மனைவி தன் கைக்காசிலிருந்து கட்டினாள், கணக்குக் கொடுத்த கடைக்காரர்களிடம் கேட்கவில்லை.

இனி நான் பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வரமாட்டேன். முடியாமல் விட வேண்டி வந்தால், பக்கத் தகட்டைக் கழற்றி போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலும் உள்ள சீரியல் எண் ஸ்டிக்கரை அவர் கண் முன்னாலேயே போட்டோ எடுப்பேன். மாற்றிய பழைய பொருளைக் கையில் கொடுக்கச் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கை முடிந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுவேன், போர்டு கெட்டதா இல்லையா என்று பார்க்க அது தேவையில்லை.

கடையின் பெயரைப் போடாததற்குக் காரணம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதற்கப்புறம் கடைக்காரரே போன் செய்து 3,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினார். ரேமை "தேடிக்கிட்டு இருக்கோம்" என்கிறார். குப்பையில் தேடுகிறாரோ என்னவோ. மீதி 2,300க்கும் ரேமுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் மனு தயார் செய்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

போர்டு மாறவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் போனில் கிடைத்தது. யுஎஸ்பியை உடைத்த அன்று, "உன் மருமக செஞ்ச வேலையப் பாரு" என்று தன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், தேதியோடு.