ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிகலா?

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் 'சரித்திர நாவல்' என்பதை 'ஹிஸ்டாரிக் நாவல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த தாளில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. விளக்கம் எதுவும் இல்லை. 'ஹிஸ்டாரிகல்' என்பதில் 'அல்' என்ற ஒரு வால் விட்டுப்போனதற்கா இவ்வளவு என்று அன்று கோபம்கூட வந்தது.

வால் போனால் அர்த்தமே மாறிவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பழங்காலத்தைப் பற்றிய எதுவும் ஹிஸ்டாரிகல். வரலாற்றில் பேர் சொல்லும்படி நின்றால்தான் ஹிஸ்டாரிக். 1969 ஜூலையில் நிலவில் மனிதன் கால் வைத்தது ஹிஸ்டாரிக். அதே நாள் தேதியிட்ட மளிகைக்கடை ரசீது யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால், அது வெறும் ஹிஸ்டாரிகல் ஆவணம். ஆக, நான் எழுதியது 'வரலாறு படைத்த நாவல்'. நாவலாசிரியர் பார்த்திருந்தால் திருத்த விட்டிருக்க மாட்டார்.

சரி, குட்டைச் சொல்லுக்குத்தான் கனம் அதிகம் என்று சூத்திரம் போட்டுவிடலாமா? எகனாமிக் வந்து அதைக் கெடுத்துவிடும். 1991இல் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டோடு வேகம் பிடித்தவை எகனாமிக் ரிஃபார்ம்ஸ், பொருளாதாரச் சீர்திருத்தங்கள். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் பைக் எகனாமிகல், அதாவது சிக்கனமானது. இரண்டுக்கும் மூலம் வீட்டு நிர்வாகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நாட்டுக் கணக்கு குட்டைச் சொல்லிடம் போய்விட்டது. வீட்டுக்காரம்மாவின் சிக்கனம் வால் நீண்டதோடு தங்கிவிட்டது.

இந்தச் சிக்கனத்தை ஆங்கிலேயர்கள் மறக்கவே விடவில்லை. 1986இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒன்றில் பிரிட்டனின் கேபினட் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், குறுக்கு விசாரணையில் சிக்கிக்கொண்டு, 'எகனாமிகல் வித் த ட்ரூத்' என்ற தொடரைச் சொல்லிவைத்தார். பொய் இல்லையாம், உண்மையைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்துச் செலவழித்ததாம்! அங்கே எகனாமிக் என்று வந்திருந்தால் கிண்டலுக்கே வழியில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். பொருளாதார நெருக்கடியா, சிக்கன நெருக்கடியா? காதே சொல்லிவிடும். கிளாசிக், கிளாசிகல் ஜோடிக்கும் இது உதவும். 2004இல் மத்திய அரசு தமிழுக்குக் கொடுத்த செம்மொழித் தகுதி 'கிளாசிகல் லாங்குவேஜ்'. எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத பழைய படம் கிளாசிக்.

ஆனால் எலெக்ட்ரிக், எலெக்ட்ரிகல் விஷயத்தில் தமிழ் கைவிட்டுவிடும், இரண்டுக்கும் 'மின்'தான். கரண்டில் ஓடும் குறிப்பிட்ட பொருளுக்குப் பெரும்பாலும் எலெக்ட்ரிக்: ஸ்கூட்டர், கிட்டார், அடுப்பு. துறைக்கும் பொதுப்பெயருக்கும் எலெக்ட்ரிகல்: இன்ஜினியரிங், வயரிங் வேலை, சாமான்கள். ஷாக் மட்டும் இரண்டு பெயரிலும் அடிக்கும்.

அப்புறம் காமிக், காமிகல். காமிக் ஆக்டர் என்றால் நகைச்சுவை நடிகர். சோகக் காட்சியில் ஒருவர் அழுது, தியேட்டரே சிரித்தால் அந்த நடிப்பு காமிகல்.