பழைய மடிக்கணினியில் ரேம் கூட்டுகிறீர்களா? சில்லுகளையும் எண்ணிப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். செக்ரோல் என்கிற வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, ராத்திரியில் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று எல்லாமே ஒரே மடிக்கணினியில்தான். அதன் ப்ராசசர் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5. வாங்கும்போது 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) இருந்தது. எக்செல்லோடு குரோமையும் திறந்தால் திணறும். அதில் 8 ஜிபி சேர்த்துப் பல வருஷமாக நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பொருத்தமான ரேம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழைய மெஷினைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு அந்த விவரம் உதவும்.

ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. டிடிஆர்4 இதில் நுழையவே நுழையாது. அதன் விளிம்பில் 260 பின்கள் (தொடுமுனைகள்), நம்முடையதில் 204. சிக்கல் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் இடையில்தான். இரண்டும் ஒரே வடிவம், ஒரே வெட்டு. ஆனால் முதலாவது 1.5 வோல்ட், மற்றது 1.35 வோல்ட். என்னுடையதற்கு 1.35 வோல்ட்தான் வேண்டும். ஈப்போவில் ஒரு கடையில் அதைச் சொல்லித்தான் கேட்டேன். “இது டிடிஆர்3எல்தான் அக்கா, 1600 வேகம், தாராளமாகப் போடலாம்” என்று கொடுத்தார் கடைத்தம்பி. ஸ்டிக்கரிலும் பிசி3எல்-12800 என்றே இருந்தது.

வீட்டில் மாட்டிப் பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது.

இப்படி ஆனால் உடனே ‘ரேம் கெட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய 4 ஜிபியை இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டேன், இரண்டிலும் ஓடியது. அப்படியென்றால் ஸ்லாட்டில் குறையில்லை. புதியதைத் தனியாகப் போட்டால் எதிலும் ஓடவில்லை. அண்ணன் மகனுடைய ஆறாம் தலைமுறை மடிக்கணினியும் டிடிஆர்3எல்தான். அதில் போட்டதும் 8 ஜிபி என்று காட்டியது. ரேமும் நல்லது, மெஷினும் நல்லது, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

காரணம் ஸ்டிக்கரிலேயே சின்ன எழுத்தில் இருந்தது: 1ஆர்எக்ஸ்8 (1Rx8). அதாவது ஒரே வரிசையில் 8 சில்லு. 8 ஜிபியை 8 சில்லில் அடக்கினால் ஒவ்வொன்றும் 1 ஜிபி, அதாவது 8 கிகாபிட். நான்காம் தலைமுறையில் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்கு 4 கிகாபிட் சில்லு வரைதான் தெரியும், ஐந்தாம் தலைமுறையில்தான் 8 கிகாபிட் வந்தது. அந்தக் கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் பலனில்லை. நமக்கு வேண்டியது 2ஆர்எக்ஸ்8, மொத்தம் 16 சில்லு. இதைக் கடையில் எடுத்துச் சொல்லி மாற்றிக்கொண்டேன். மாட்டியதும் 12 ஜிபி வந்தது.

8-உம் 4-உம் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கலக்கலாம். 4-க்கு 4 இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், வேகமாக) ஓடும், மிச்சம் 4 ஒற்றைச் சேனலில் ஓடும். என் வேலைக்கு அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. இடமில்லாமல் திணறியது நின்றதுதான் பெரிய மாற்றம்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் திடீர் திடீரென்று விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத்திரை வர ஆரம்பித்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் சிவப்பு வரிகள். இதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடக் கூடாது, சம்பளக் கணக்கு கெட்டால் யார் பொறுப்பு? ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் பழைய 4 ஜிபியில்தான் பிழை. நம் ஊர் ஈரத்தில் அதன் தங்கநிறப் பின்கள் மங்கியிருந்தன. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, சாய்வாக நுழைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் ‘கிளிக்’ என்று விழும்வரை அமுக்கினேன். மறுபடி சோதித்தபோது ஒரு பிழையும் இல்லை. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் இதெல்லாம் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்த ப்ராசசரை ஏற்பதில்லை என்பதால் லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். 12 ஜிபி அதற்குத் தாராளம். இப்போது தேடுகிறவர்கள் பழைய மடிக்கணினி பிரித்து விற்பவர்களிடம் கேளுங்கள். காசு கொடுக்கும் முன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 2ஆர்எக்ஸ்8 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.