இரட்டை பெடலுக்கு ஸ்விட்ச் வயரிங் செய்து தருகிறோம் என்பவர்களை நம்பி 11,800 ரூபாய் இழந்தேன்

கிட்டார் பெடலை, அதாவது காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் பெட்டியை, சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். 11,800 ரூபாய் போய்விட்டது. இன்று காலை அந்தக் கடைக்காரர் என் எண்ணையும் தடுத்துவிட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் கெஞ்சுகிறார்கள், அதனால் போடவில்லை. இணையத்தில் பெடல் உதிரிபாகங்கள் விற்று, கேட்டவர்களுக்கு வயரிங்கும் செய்து தருகிற கடை என்பது மட்டும் போதும்.

சர்க்யூட் பலகைகள் இரண்டையும் நானே சால்டர் செய்திருந்தேன். ஒன்று, 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் வழியில் வந்த சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஃபஸ், ஒலியைக் கரகரப்பாகச் சிதைப்பது. மற்றது டியூப் ஸ்க்ரீமர் என்ற பெடலின் வகையில் ஓவர்டிரைவ், ஃபஸ்ஸைவிட மென்மையாகச் சிதைப்பது. இரண்டையும் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, தனித்தனி ஃபுட்ஸ்விட்ச், அதோடு எது முன்னால் எது பின்னால் என்று மாற்ற ஒரு சிறிய டாகிள் ஸ்விட்ச். துளையிடுவது, பெயின்ட் அடிப்பது, ஸ்விட்ச் வயரிங் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஈஸ்டர் ஆராதனைக்கு வாசிக்க வேண்டும், நேரமில்லை, அதனால் கொடுத்தேன்.

நான் நம்பியது எங்கே தெரியுமா? பேசிய முதல் நாளே அந்த ஆள் கேட்டார்: "சார், ஃபஸ் எப்போதும் கிட்டாரை நேராகப் பார்க்க வேண்டுமா, இல்லை ஓவர்டிரைவுக்குப் பின்னால் வைத்தும் வாசிப்பீர்களா?" இதைக் கேட்கிறவருக்கு வேலை தெரியும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்த வகை ஃபஸ்ஸின் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) மிகக் குறைவு, அதனால் முன்னால் இருப்பதன் சிக்னலை இழுத்துக்கொள்ளும். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப்போடு நேராகச் சேர்ந்தால் ஒரு குரல், முன்னால் வேறொரு சர்க்யூட் நின்றால் முற்றிலும் வேறு குரல். எனக்கு இரண்டும் வேண்டும் என்றேன். அன்று இரவே கையால் வரைந்த வரைபடம் அனுப்பினார். வரிசை மாற்ற மூன்று துருவ ஸ்விட்ச், அதாவது ஒரே தள்ளலில் மூன்று இணைப்புகளை மாற்றுவது, துருவத்துக்கு மூன்று கால்கள்: ஃபஸ்ஸின் நுழைவு ஒரு துருவம், ஓவர்டிரைவின் நுழைவு இன்னொன்று, வெளியே போகும் ஜாக் மூன்றாவது. ஒரு பக்கம் தள்ளினால் கிட்டார் ஃபஸ்ஸுக்குள் போய், அங்கிருந்து ஓவர்டிரைவுக்குள் போய் வெளியேறும். மறுபக்கம் தள்ளினால் நேர் எதிர். ஒவ்வொரு கோட்டையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். தவறே இல்லாத வரைபடம். அதைப் பார்த்துத்தான் முதலில் 7,000 அனுப்பினேன். பெட்டியின் படம் வந்ததும் மீதி 4,800. மொத்தம் 11,800 ரூபாய், எல்லாம் ஒரு தனிநபரின் கணக்குக்கு.

பார்சல் வந்தது. பெயின்ட் அருமை. டாகிளைத் தள்ளினால் எல்இடி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுகிறது. ஒலியில் மட்டும் மாற்றமே இல்லை. இரண்டு எஃபெக்டையும் அணைத்து வாசித்தால் கிட்டாரின் கூர்மை செத்துப்போய், போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல் வருகிறது. ஃபுட்ஸ்விட்சை மிதித்தால் ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு அடி.

மூடியைத் திறந்தேன். டாகிளுக்கு ஆறே கால்கள், அதாவது இரண்டு துருவம். அதிலும் எல்இடிக்குப் போகும் வயர்கள் மட்டுமே சால்டர் செய்யப்பட்டிருந்தன. வரிசையை மாற்ற ஒரு வயர்கூட இல்லை! விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டி என்னிடம் 11,800 வாங்கியிருக்கிறார்கள். ஃபுட்ஸ்விட்சில் ஒன்பது கால்கள் இருந்தும், எஃபெக்ட் வெளியேறும் பக்கத்தை மட்டும்தான் துண்டிக்கிறது. ஃபஸ் பலகையின் நுழைவு எப்போதும் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டே சிக்னலை உறிஞ்சுகிறது. இதற்கு 'ட்ரூ பைபாஸ்' என்று பெட்டியின் மேல் ஸ்டிக்கர் வேறு; எஃபெக்டை அணைத்தால் சிக்னல் அதன் சர்க்யூட்டைத் தொடாமல் நேராக வெளியேறும் என்று அர்த்தம். மிதிக்கும்போது வெடிக்காமலிருக்க நுழைவிலும் வெளியேற்றத்திலும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுவது வழக்கம். சில காசுப் பொருள். அதுவும் இல்லை.

போன் செய்தால் முதலில் "அடாப்டர் கோளாறு சார்" என்றார். வேறு அடாப்டர் வாங்கினேன், அதே கதை. "உங்கள் பிக்கப் பலவீனமானது" என்றார். உள்ளே எடுத்த படங்களை அனுப்பியதும், "மூடியைத் திறந்துவிட்டீர்களே, இனி உத்தரவாதம் கிடையாது" என்றார். அவர் அனுப்பிய வரைபடத்தையே அவருக்குத் திருப்பி அனுப்பி, இதன்படி எங்கே செய்தீர்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. பிறகு "முதலாளி வெளியூரில் இருக்கிறார்". பிறகு இந்தத் தடுப்பு. ஈஸ்டருக்கு ஒரு நண்பரின் பெடலை இரவல் வாங்கித்தான் வாசித்தேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் வெளிப்படத்தைப் பார்த்து மீதிப் பணம் அனுப்பாதீர்கள், மூடி திறந்த படத்தைக் கேளுங்கள். வரிசை மாற்றும் ஸ்விட்சில் ஒன்பது கால்களிலும் வயர் இருக்கிறதா என்று எண்ணுங்கள். எல்இடியும் அதே ஸ்விட்சில் என்றால் நான்கு துருவம், பன்னிரண்டு கால்கள் வேண்டும். எஃபெக்டை அணைத்து வைத்து, கிட்டார் ஜாக்கின் முனைக்கும் ஃபஸ் பலகையின் நுழைவுக்கும் நடுவே, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டர் ஒலித்தால் அது ட்ரூ பைபாஸ் கிடையாது. பில் இல்லாமல் தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். இதே கடையிடம் இதேபோல் ஏமாந்தவர்கள் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.