பருத்திக்கொட்டையா, கருநொச்சியா?

ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை என்றதும் முதலில் வரும் பெயர் காசிப்பால். பருத்திக்கொட்டையைக் குறுக்கே வெட்டினால் பருப்பில் பொட்டுப் பொட்டாகக் கரும்புள்ளிகள் தெரியும். அவற்றுக்குள் இருக்கும் மஞ்சள் பொருள்தான் அது. சுத்திகரிக்காத பருத்தியெண்ணெயில் சமைத்த சீனக் கிராமங்களில் பிள்ளைப்பேறு குறைந்தபோது இது பிடிபட்டது. 1970களில் அங்கே 8,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு விந்தணு உற்பத்தி ஏறத்தாழ நின்றது. வேலை செய்தது, சரி. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கை கால் சோர்ந்துபோனது; மருந்தை விட்ட பிறகும் சிலருக்கு விந்தணு திரும்பவே இல்லை. 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழுவும் இதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

இந்தோனேசியாவின் கந்தருசா வேறு ரகம். நம் ஊரில் கருநொச்சி என்போமே, அதே செடி. பாப்புவாவில் ஆண்கள் இதன் இலையை வேகவைத்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. சுரபாயாவின் ஏர்லங்கா பல்கலைக்கழகம் அதைக் காப்சூல் ஆக்கியது. இது விந்தணு எண்ணிக்கையில் கைவைப்பதில்லை. கருமுட்டையின் உறையைத் துளைக்க உதவும் நொதியைத்தான் முடக்குகிறது. நிறுத்தினால் பழைய நிலை திரும்பும் என்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் காசிப்பால் அளவுக்குப் பெரிய சோதனையை இது இன்னும் பார்க்கவில்லை. வேலியோரம் நிற்பதைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்.